ஓசி இண்டர்நெட்டும் ஓரங்கட்டப்பட்ட உலாவிகளும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சிட்டிருந்த மேட்டர். மோடம் 'கீய்ய்ங்... கர்ர்ர்'னு கத்திட்டு இருந்த காலத்துல நான் பால்வாடியைத் தாண்டல. அதனால இது அனுபவப் பதிவு இல்ல, தோண்டி எடுத்த சரித்திரம். அந்தக் காலத்தை நேர்ல பார்த்த மூத்த பதிவர்கள் பொறுத்தருள்க :-)

1998 அக்டோபர்ல அமெரிக்காவில நெட்ஜீரோன்னு ஒரு கம்பெனி கடை திறந்தது. மத்தவங்க மாசம் 20 டாலர் வாக்கில் வாங்கிட்டிருந்த டயலப் இணைப்பை இவங்க சும்மாவே கொடுத்தாங்க. அங்கே உள்ளூர் அழைப்புக்கு பெரும்பாலும் நிமிஷக் கணக்கு கிடையாது, அதனால போன் பில்லும் ஏறாது. அப்ப காசு எங்கிருந்து வரும்? விளம்பரம். இணைப்பு இருக்கிற வரைக்கும் 'ஜீரோபோர்ட்'னு ஒரு பட்டை திரையில உட்கார்ந்திருக்கும். மேலேயோ கீழேயோ நகர்த்திக்கலாம். மூட முடியாது.

இங்கதான் நம்ம ஆளுங்களுக்கு சுவாரசியமான விஷயம். அந்தப் பட்டை உலாவிக்குள்ள இல்ல, அது ஒரு தனி விண்டோ. நீங்க இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் திறந்தாலும் நெட்ஸ்கேப் திறந்தாலும் ஓபரா திறந்தாலும் பட்டை அது பாட்டுக்கு ஓடும். இந்த ஐடியாவுக்கு 2000 டிசம்பர்ல காப்புரிமையும் வாங்கி, அந்த மாசமே போட்டிக் கம்பெனி ஜூனோ மேல கேஸ் போட்டாங்க. ஆக, விண்டோஸ்ல இருக்கிற வரைக்கும் எந்த உலாவியும் ஓகே. விண்டோஸை விட்டு வெளிய வந்தாத்தான் வம்பு.

ஏன்னு பார்ப்போம். சாதாரண டயலப்ல நடக்கிறது எளிமையான சமாச்சாரம். மோடம் நம்பரைப் போடும், அந்தப் பக்கம் எடுப்பாங்க, பிபிபி நெறிமுறையில பேரும் பாஸ்வேர்டும் போகும், ஐபி முகவரி கிடைக்கும். அவ்வளவுதான். லினக்ஸோ அமிகாவோ, பிபிபி பேசத் தெரிஞ்ச எதுவும் உள்ள நுழையலாம். ஆனா எல்லாரும் அப்படி நுழைஞ்சா விளம்பரத்தை யார் பார்ப்பா? அதனால நெட்ஜீரோ மென்பொருள் நீங்க தட்டின பாஸ்வேர்டை அப்படியே அனுப்பாம உருமாத்தி அனுப்பும். அந்த மென்பொருள் இல்லாம டயல் பண்ணினா கதவு திறக்காது. லினக்ஸ் ஆளுங்க சும்மா இருப்பாங்களா? அந்த உருமாற்றத்தைக் கண்டுபிடிச்சு ஸ்கிரிப்ட் எழுதி, பட்டை இல்லாமலே உள்ள போனாங்க. கம்பெனி பார்வையில அது திருட்டு. 'என் திரையில என்ன தெரியணும்னு நான்தான் சொல்வேன்'ங்கிறது இவங்க கட்சி. எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரிதான் படுது. ஓசியில சாப்பிட்டுட்டு இலை சரியில்லன்னு சொல்றதும் கொஞ்சம் ஓவர்தானே?

இப்ப கடல் தாண்டி இங்கிலாந்துக்கு வாங்க. 1998 செப்டம்பர்ல, நெட்ஜீரோவுக்கு ஒரு மாசம் முன்னாடி, டிக்சன்ஸ்ங்கிற எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரங்க ஃப்ரீசர்வ் ஆரம்பிச்சாங்க. கடையில சிடி சும்மா கிடைக்கும், மாசச் சந்தா கிடையாது, விளம்பரப் பட்டையும் கிடையாது! எப்படி? அங்கே உள்ளூர் அழைப்புக்கும் நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு காசு. அந்தப் போன் காசுல ஒரு பங்கு, அழைப்பைக் கடைசியில வாங்கிக்கிற பக்கத்துக்குப் போகும். நீங்க எவ்வளவு நேரம் இணைஞ்சிருக்கீங்களோ அவ்வளவு வருமானம். திரையில என்ன பார்க்கிறீங்கன்னு அவங்களுக்குக் கவலையே இல்ல.

அதனால தனி மென்பொருள் பூட்டு எதுவும் தேவைப்படல. சாதாரண பிபிபி போதும். அமிகாவில ஐபிரவுஸ், ஏக்கார்ன் கம்ப்யூட்டர்ல ஃப்ரெஸ்கோ, பிஓஎஸ்ல நெட்பாசிட்டிவ் (பிழை வந்தா ஹைக்கூ கவிதை சொல்ற உலாவி அது, நிஜமாத்தான்)... இந்த மாதிரி கேஸ்களுக்கெல்லாம் அந்த ரகம்தான் தோதான ஓசி இண்டர்நெட். ரெண்டு ஊர்லயும் 'இலவசம்'ங்கிற அதே வார்த்தைதான். ஒண்ணுல பூட்டு, இன்னொண்ணுல திறந்த கதவு. டெலிபோன் கட்டண முறை செஞ்ச வேலை!

நம்ம நாட்லயும் 2000 வாக்கில் கொல்கத்தாவின் கால்டைகர் விளம்பரத்தை நம்பி இலவச இணைப்பு கொடுத்துச்சு. இங்கே போன் மீட்டர் தனியா ஓடும், அதனால முழு ஓசின்னு சொல்ல முடியாது.

சரி, ஓபரா பத்திச் சொல்லாம இந்தப் பதிவு முடியாது. 56கே மோடத்துல ஒரு மெகாபைட் இறங்க மூணு நிமிஷமாவது ஆகும். ஓபரா 3 ஒரே ஒரு ஃப்ளாப்பியில அடங்கிடும். 'ஜி' விசையைத் தட்டினா படங்கள் வராது, எழுத்து மட்டும் விறுவிறுன்னு வரும். டயலப்புக்குன்னே நேர்ந்து விட்ட உலாவி. ஒரே குறை, 35 டாலர் விலை. ஓசி இணைப்புக்காரன் 35 டாலர் கொடுப்பானா? 2000 டிசம்பர்ல ஓபரா 5 இலவசமாச்சு. எப்படி? விளம்பரப் பட்டையோட! ஆக நெட்ஜீரோ பட்டை ஒண்ணு, ஓபரா பட்டை ஒண்ணு. 640x480 திரையில மிச்சமிருந்த சந்துல இணையம். பாவம்.

கொடுமை என்னன்னா, அதே சமயத்துல விளம்பரச் சந்தையும் படுத்துடுச்சு. ஆல்டாவிஸ்டாவோட அமெரிக்க இலவச சேவை 2000 டிசம்பர்ல மூடியாச்சு. (இங்கிலாந்துல அதே கம்பெனி, நிமிஷக் கட்டணமே இல்லாத இணைப்பு தரோம்னு 2000 மார்ச்ல அறிவிச்சு, ஆரம்பிக்கவே இல்லன்னு ஆகஸ்ட்ல ஒத்துக்கிச்சு!) நெட்ஜீரோ 2001ல மாசம் 40 மணி நேரம்னு கட்டுப்படுத்தி, அப்புறம் 10 மணி நேரமா குறைச்சது. ஜூனோ ஒரு படி மேல போய், 2001 பிப்ரவரியில ஒரு புது நிபந்தனை போட்டது. உங்க கம்ப்யூட்டர் சும்மா இருக்கிறப்ப அதுல எங்க கணக்கு வேலையை ஓட்டிப்போம், தேவைப்பட்டா நீங்க அதை அணைக்காம வைக்கணும்னு! கண்ணை வித்தது போதாம ப்ராசசரையும் வித்த கதை. எதிர்ப்பு கிளம்பிச்சு. அந்த செப்டம்பர்லயே, கேஸ் போட்டுச் சண்டை பிடிச்ச ஜூனோவும் நெட்ஜீரோவும் யுனைடெட் ஆன்லைன்னு ஒண்ணா சேர்ந்துட்டாங்க. 

ஓபரா தன்னோட பட்டையை 2005 செப்டம்பர்ல முழுசா தூக்கிச்சு. 2025 செப்டம்பர் 30ல ஏஓஎல் டயலப் சேவையையே நிறுத்தினப்ப, 'இன்னுமா இது ஓடுது?'ன்னு என் டீம்ல பாதிப் பேருக்கு ஆச்சரியம்.

டிஸ்கி: டயலப் காலத்துல லின்க்ஸ், கே-மெலியான்னு வித்தியாசமான உலாவி வச்சிருந்த அண்ணாச்சிகள், அக்காக்கள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல கதை சொல்லுங்க. பட்டையை எப்படி மறைச்சீங்கன்னும் சேர்த்துச் சொன்னா சந்தோஷம் ;-)