இனக்குழுவியல் பாடம் (அமெரிக்கப் பள்ளிகள்)

கறுப்பினத்தவர், லத்தீனோக்கள், பூர்வகுடிகள், ஆசிய வம்சாவளியினர் ஆகியோரின் வரலாற்றையும் இலக்கியத்தையும் அவர்கள் பக்கம் நின்று கற்பிக்கும் பாடம். சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரி மாணவர்கள் 1968 நவம்பரில் தொடங்கிய போராட்டம் நான்கு மாதங்களுக்கு மேல் நீடித்து, 1969-இல் அங்கே இதற்கென ஒரு தனிப் புலத்தைப் பெற்றுத் தந்தது. கல்லூரிகளில் விரும்பியவர்கள் படித்தார்கள். அரசுப் பள்ளிக்குள் நுழைந்ததும் வரிப்பணமும் பெற்றோரும் தேர்தலும் சேர்ந்துகொண்டன.

அரிசோனாவின் டூசான் பள்ளி மாவட்டம் 1998-இல் மெக்சிக அமெரிக்கப் பாடத்தைத் தொடங்கியது. 2006-இல் அங்குள்ள பள்ளியொன்றில் பேசிய தொழிற்சங்கத் தலைவர் டொலோரஸ் வெர்த்தா, குடியரசுக் கட்சியினர் லத்தீனோக்களை வெறுக்கிறார்கள் என்றார். மாநிலக் கல்வித் தலைவர் டாம் ஹோர்ன் அதை விடவில்லை. இப்பாடம் பிள்ளைகளை இனவாரியாகப் பிரிக்கிறது என்பது அவர் வாதம். ஓர் இனத்தின்மீது பகை வளர்க்கும் வகுப்புகளையும், ஓர் இனத்தவருக்கென்றே அமைந்த வகுப்புகளையும் 2010-இல் வந்த சட்டம் தடுத்தது. மீறினால் மாநில நிதியில் 10 சதவீதம் வரை பிடித்தம். 2012 ஜனவரியில் மாவட்டம் பணிந்தது. கல்வியாளர் பாவ்லோ ஃபிரைரேயின் நூல் உட்பட ஏழு நூல்கள் வகுப்பறையிலிருந்து பெட்டிகளில் ஏறின. சில வகுப்புகளில் மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. தடை செய்யவில்லை, கிடங்குக்கு மாற்றினோம் என்றது மாவட்டம்!

சட்டத்தை இயற்றியதிலும் செயல்படுத்தியதிலும் இனக் காழ்ப்பு இருந்தது என்று 2017-இல் தீர்ப்பளித்தவர் நீதிபதி வாலஸ் தஷிமா. ஜப்பானிய வம்சாவளியினர் என்பதால் இரண்டாம் உலகப் போரின்போது அரிசோனாவிலேயே ஒரு முகாமில் சிறுவனாக அடைக்கப்பட்டவர் அவர். இனக்குழுவியல் வகுப்புகளில் அந்த முகாம்களும் பாடம்.

கலிஃபோர்னியாவில் பாடம் வேண்டுமா என்ற கேள்வி பின்னுக்குப் போய், அதில் யார் இருப்பது என்பதே சண்டையானது. 2019-இல் வெளிவந்த மாதிரிப் பாடத்திட்ட வரைவு யூதர்களுக்கு எதிரான வெறுப்பைப் பொருட்படுத்தவில்லை, இஸ்ரேல் விஷயத்தில் ஒருதலைப்பட்சமானது என்று யூத அமைப்புகள் எதிர்த்தன. சீக்கியர்களும் ஆர்மீனியர்களும் இடம் கேட்டார்கள். 2021 மார்ச்சில் ஏற்கப்பட்ட திருத்தப் பதிப்பு சுமார் 900 பக்கம். முதல் வரைவை எழுதியவர்களோ திருத்தப் பதிப்பிலிருந்து தங்கள் பெயரை நீக்கச் சொல்லிவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட சட்டம், 2030-இல் பள்ளி முடிப்பவர்கள் முதல் ஒரு பருவமாவது இதைப் படித்திருக்க வேண்டும் என்றது. ஆனால் மாநிலம் பணம் ஒதுக்கினால்தான் கட்டாயம் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. 2025-26 பட்ஜெட்டில் அந்தப் பணம் வரவில்லை. பாடத்தை நடத்துவதும் கைவிடுவதும் அந்தந்த மாவட்டத்தின் விருப்பமாயிற்று.