மரக்கலமும் உக்கலும்

கடலோடும் கலத்துக்குப் புயலும் பாறையுமே பகையென்பர். ஆயின், ஓசையின்றி உள்ளிருந்தே அழிக்கும் பகையொன்றும் உண்டு, அதுவே உக்கல்.

நெப்போலியனோடு பிரித்தானியா பொருத காலத்தில், 1810ஆம் ஆண்டு, தேம்சு நதிக்கரையிலுள்ள தெத்போர்டில் 'குயீன் சார்லட்' என்னும் போர்க்கப்பல் நீரில் இறக்கப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட பீரங்கிகளைத் தாங்கவல்ல அக்கப்பல், போர்முனையைக் காணுமுன்னரே உக்கத் தொடங்கிற்று. 1812இல் இயற்கை நூலறிஞர் யேம்சு சவர்பி அதனை ஆராய அழைக்கப்பட்டார். அதன் மரங்களில் அவர் கண்டவை பலவகைப் பூஞ்சணங்கள். நன்கு உலராத மரமும், காற்றோட்டமற்ற உள்ளறைகளின் ஈரலிப்புமே அவை தழைக்க இடந்தந்தன. உக்கிய பகுதிகளை அகற்றிப் புதுமரம் பொருத்துவதற்குப் பெரும்பொருள் செலவாயிற்று. அவ்வாறு செப்பனிடப்பட்ட கப்பலே 1816இல் அல்சியர்சுத் துறைமுகத் தாக்குதலில் தலைமைக் கப்பலாய் நின்றது.

அதற்கு முந்திய 'விக்டரி'யின் சட்டகமோ ஆண்டுகள் சில காற்றில் உலரவிடப்பட்டது. 1765இல் மிதக்கவிடப்பட்ட அக்கலம், பன்முறை பழுதுபார்க்கப்பட்டு, போர்ட்சுமத்தில் இன்றும் நிற்கின்றது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கண்ணாடியிழைப் படகுகள் தோன்றியதும் உக்கலின் ஆட்சி ஒழிந்ததெனத் தோன்றிற்று. எனினும், அவற்றுட் பலவற்றின் தளத்தினுள்ளும் தாங்குசட்டங்களினுள்ளும் மரம் மறைந்திருந்தது. திருகாணித் துளைவழி புகுந்த நீர், வெளியேற வழியின்றி அங்கே தங்கிற்று. இதற்கும் மருந்து பழையதே: மேற்படையை அறுத்து, நன்மரம் தோன்றும்வரை உக்கியதை நீக்கி, எஞ்சியதை உலர்த்தி, புதுமரம் வைத்துப் பிசினாலும் கண்ணாடியிழைத் துணியாலும் மூடவேண்டும். உலருமுன் மூடுதல், கள்வனை உள்ளே வைத்துக் கதவடைப்பதாகும்.