வழுவும் அமைதியும்

தமிழ் இலக்கணத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த சொல் 'வழுவமைதி'. பள்ளியில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்துவிட்டு மறந்திருப்பீர்கள். இலக்கணப்படி தவறுதான், ஆனாலும் தக்க காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். யோசித்தால் விநோதமான ஏற்பாடு. விதிகளைச் சொல்ல வந்த நூல், மீறுவதற்கும் தனக்குள்ளேயே ஓர் இடம் ஒதுக்கிவைக்கிறது.

நான் பிழைப்புக்குக் கோடு எழுதுகிறவன். கம்பைலர் காரணம் கேட்காது. ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் போனதுதான். "அவசரத்துல விட்டுட்டேன்" என்று அதனிடம் சொல்ல முடியாது. தமிழ் இலக்கணம் கேட்கிறது: ஏன் மீறினாய்?

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய நன்னூல் வழுவை ஏழாகப் பிரிக்கிறது: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. மீறலுக்கான காரணங்களையும் எண்ணிச் சொல்கிறது. திணையும் பாலும் மாறிவர ஐந்து: மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு. காலம் மாறிவர நான்கு: விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு.

பழங்கதை என்று நினைக்க வேண்டாம். இரவு 2 மணிக்கு எங்கள் டீமில் ஒருவர் சொல்வார்: "சர்வர் மறுபடியும் படுத்துட்டான்டா." அஃறிணை உயர்திணை ஆகிவிட்டது. காரணம், கோபம். எப்போது சரியாகும் என்று மேனேஜர் கேட்டால், "இதோ முடிச்சுட்டேன்" என்போம். வேலையில் பாதிகூட ஆகியிருக்காது. எதிர்காலம் இறந்தகாலம் ஆகிவிட்டது. காரணம், விரைவு. வரப்போவதை நடந்ததாகச் சொல்வது விரைவுப் பொருளில் வரும் என்று நன்னூலுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தொல்காப்பியத்தின் வினையியல் சொல்லிவிட்டது. அந்த இலக்கணக்காரர்கள் ஏட்டை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. தெருவில் காது வைத்திருந்தார்கள்.

செய்யுளுக்கு இன்னும் தாராளம். ஓசைக்காக மெல்லெழுத்தை வல்லெழுத்தாக்கலாம், குறிலை நெடிலாக்கலாம், சொல்லின் தலையையோ இடையையோ கடையையோ வெட்டலாம். இவற்றுக்கெல்லாம் செய்யுள் விகாரம் என்று மரியாதையான பெயரும் உண்டு.

சரி, பேச்சுக்கு அமைதி உண்டு, கவிதைக்கும் உண்டு. கதைக்கு?

தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சில் வந்தது 1879இல். அச்சோடும் பாடப்புத்தகத்தோடும் சேர்ந்து வளர்ந்த நம் புனைகதையில், எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் மெல்ல உருவானது. பாத்திரங்கள் மேற்கோள் குறிக்குள் எப்படி வேண்டுமானாலும் பேசலாம். அதற்கு வெளியே, கதைசொல்லி எழுத்துத் தமிழில்தான் நடக்க வேண்டும். 1930களில் புதுமைப்பித்தன் நெல்லைப் பேச்சை உரையாடலில் அவ்வளவு உயிரோடு கொண்டுவந்தார். ஆனாலும் பேச்சு பெரும்பாலும் அந்தக் குறிகளுக்குள்தான் இருந்தது.

சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் குறிக்கு உள்ளே இருப்பவர் பார்க்கப்படுகிறவர். வெளியே இருப்பவர் பார்க்கிறவர். தன் பேச்சில் கதையையே சொல்ல முடியாதவர், எவ்வளவு பேசினாலும் இன்னொருத்தர் கதையில் வந்துபோகிறவர்தான்.

கி. ராஜநாராயணன் இந்த வேலியைத் தாண்டினார். 'கோபல்ல கிராமம்' (1976) போன்ற நூல்களில் கதைசொல்லும் குரலே கரிசல்காட்டுப் பேச்சின் சாயலில் நடக்கிறது. 1982இல் வட்டார வழக்குக்கு அகராதியும் கொண்டுவந்தார். அகராதி என்பது ஒருவகையில் அமைதிப் பத்திரம்: இவை பிழைகள் அல்ல, சொற்கள்.

1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. தன் கிராமத்துத் தலித் மக்களின் வாழ்வை அவர்கள் பேசும் தமிழிலேயே, தன் குரலாகவே எழுதினார். தூய தமிழில் அதை எழுதியிருந்தால், அந்த மக்கள் மறுபடியும் மேற்கோள் குறிக்குள் போயிருப்பார்கள். இப்படி எழுதுகிறவர்கள் மேல் காலங்காலமாக எறியப்படும் சொல் 'கொச்சை'. அதே காரியத்தைக் கவிராயர் செய்தால் விகாரம், ஊர்க்காரர் செய்தால் கொச்சை. வழுவுக்கும் வழுவமைதிக்கும் நடுவே இருக்கும் கோடு பல நேரம் வாக்கியத்தில் இல்லை. சொன்னவர் யார், அவரிடம் யாராவது காரணம் கேட்டார்களா என்பதில் இருக்கிறது.

இதைச் சோதனை எழுத்தில் ஆர்வமுள்ள நண்பர்களுக்காகவும் சொல்கிறேன். முற்றுப்புள்ளியே இல்லாமல் நான்கு பக்கம் எழுதலாம், எழுவாயைத் தொலைக்கலாம், காலங்களைக் கலக்கலாம். தடுக்க ஆளில்லை. ஆனால் பவணந்தியின் கேள்வி எழுநூறு ஆண்டுகள் தாண்டியும் அப்படியே நிற்கிறது: காரணம் என்ன? கோபமா, விரைவா, மகிழ்ச்சியா? அல்லது பழைய வாக்கியத்துக்குள் நுழைய முடியாமல் வாசலில் நிற்கும் ஓர் ஆளா? பதில் இருந்தால் தைரியமாக உடையுங்கள். இல்லாவிட்டால் அது வழுதான்.

பதிப்பாசிரியர் நாற்காலியில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிவப்பு மையை எடுக்கும் முன் காரணத்தைக் கேளுங்கள். நம் பழைய இலக்கணக்காரர்கள் கேட்டார்கள்.