வெக்கை நோயும் கால்நடைப் போக்குவரத்துக் கட்டுப்பாடும்

ரிண்டர்பெஸ்ட் எனப்படும் வெக்கை நோய், நோயுற்ற மாட்டுடன் பிற மாடுகள் நெருங்கியிருப்பதால் பரவுவது. ஆதலின் மந்தை செல்லும் வழியே நோய் செல்லும் வழியாயிற்று.

1865இல் இறக்குமதி மாடுகளுடன் பிரிட்டனுக்குள் புகுந்த இந்நோய், சந்தைகளின் வாயிலாக நாடெங்கும் பரவியது. 1866ஆம் ஆண்டுச் சட்டம் நோயுற்ற மாடுகளைக் கொல்லவும், மாடுகளின் போக்குவரத்தைத் தடுக்கவும் வகைசெய்தது. 1867இல் நோய் அங்கு அடங்கியது.

சென்னை மாகாணத்திலும் 1866இலேயே கால்நடை நோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் பிரிட்டன் கையாண்ட முறை இந்தியச் சூழலுக்குப் பொருந்தவில்லை. உழவு, ஏற்றம், வண்டி ஆகிய அனைத்தும் மாட்டையே சார்ந்திருந்தன. மாட்டைக் கொல்வது சமய உணர்வுக்கும் மாறானது. ஹாலன் தலைமையிலான ஆணையம் 1871இல் அறிக்கை அளித்த பின்னரும் நோய் நீடித்தது.

இந்நிலையைத் தடுப்பூசி மாற்றியது. 1954இல் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டத்தின் பயனாக, 1995க்குப் பின் இந்தியாவில் இந்நோய் தோன்றவில்லை. 2011இல் உலகமே இதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

கால்நடைத் தொற்றுநோய்கள் குறித்த 2009ஆம் ஆண்டு நடுவண் சட்டம் இவ்விரு வழிகளையும் இணைக்கிறது. கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து கால்நடைகளை வெளியே கொண்டுசெல்வதையும் அங்குச் சந்தை கூட்டுவதையும் தடுக்கும் இச்சட்டம், தடுப்பூசியையும் கட்டாயமாக்குகிறது. உழவர் தம் மாட்டை இழக்காமல் காக்கும் வழி கிடைத்த பின்னரே தடை முழுப்பயன் தந்தது என்பது இவ்வரலாற்றால் பெறப்படும்.