சுண்டுவிரல் நகத்தளவு முகம்: குறைந்த செலவில் கிட்டப்படம்

சம்பூரில் ஒரு வீட்டுக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். எடுக்க வேண்டியிருந்தது ஆளை அல்ல, ஆளின் படத்தை. 2006 இல் ஊரை விட்டு ஓடியபோது அந்த வீட்டின் அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. மீள்குடியேறத் திரும்பியபோது வீடும் இருக்கவில்லை. அந்த அம்மாவிடம் மகனின் முகம் இரண்டே இரண்டு இடங்களில் மிஞ்சியிருந்தது. ஒன்று, அடையாள அட்டைக்கு எடுத்த பிரதிகளில் மிச்சமாக அவரது கைப்பைக்குள் கிடந்த சின்னப் படம். மற்றது, மூதூரில் உறவினர் வீட்டுச் சுவரில் தொங்கிய பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டிக் குழுப் படம். அன்றைக்காக அதைச் சட்டத்தோடு கழற்றிக் கொண்டுவந்திருந்தார்கள்.

முதல் படத்தில் பையன் விறைத்துப்போய் நிற்கிறான். இரண்டாவதில் சிரிக்கிறான். சிரிக்கிற முகம்தான் அம்மாவுக்கு வேண்டும். அது சுண்டுவிரல் நகத்தளவு. அடிமட்டம் வைத்துப் பார்த்தேன், ஏழு மில்லிமீற்றர்.

"முந்தி ஒருக்கா ஒரு கடையில குடுத்தனான் தம்பி. துலைச்சுப் போட்டு, தரேல்லை எண்டு சாதிச்சுப் போட்டாங்கள். இனி ஒரு படமும் என்ர கண்ணை விட்டுப் போகாது" என்றார்.

அவர் சொன்னது நியாயம். ஸ்கானர் இருக்கும் இடத்துக்குப் படம் போகாது என்றால் கமராதான் படத்திடம் வரவேண்டும். திருகோணமலை நகரத்தில் இருந்து கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் வழியாக நான் கொண்டுபோனது ஒரு பழைய கனொன் 1100டி கமராவும் 50 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்றும். கமராவோடு வந்த 18-55 லென்ஸில் எங்கள் கடற்காற்றின் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடித்து, அதை எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டேன். 50 மில்லிமீற்றர் லென்ஸால் 45 சென்ரிமீற்றருக்குக் கிட்டப் போக முடியாது. போனால் குவியாது. அந்தத் தூரத்தில் நின்று எடுத்தபோது பையனின் முகம் ஏறக்குறைய 200 பிக்சல் உயரம்தான் வந்தது. பெரிதாக்கினால் சிரிப்பு இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கறை.

உண்மையான மக்ரோ லென்ஸ் வாங்கும் வசதி என்னிடம் இல்லை. அதனால் அடுத்த சில மாதங்கள் மலிவான துணைப் பொருள்கள் ஒவ்வொன்றையும் வாங்கியும் இரவல் கேட்டும் பார்த்தேன். அப்படி அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். இதே தேவை இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது.

முதலில் வீட்டிலேயே இருக்கும் ஒன்று: வாசிப்புக் கண்ணாடி. நாற்பது வயதுக்குப் பிறகு பத்திரிகை படிக்கப் போடுகிறோமே, அதே +2, +2.5 கண்ணாடி. கமராக் கடையில் குளோஸ்-அப் ஃபில்டர் என்று விற்கும் வட்டக் கண்ணாடியும் அடிப்படையில் இதுதான். இரண்டிலும் எழுதியிருக்கும் எண் டயொப்டர் என்ற ஒரே அளவு. ஒரு மீற்றரை அந்த எண்ணால் பிரித்தால் வருவதே, தொலைவுக்குக் குவித்து வைத்த லென்ஸ் இப்போது தெளிவாகப் பார்க்கும் தூரம். +2 என்றால் 50 சென்ரிமீற்றர், +4 என்றால் 25, +10 என்றால் 10. பாடசாலையில் குவிவுவில்லை படித்தவர்களுக்கு இது பழைய கணக்கு. அம்மாவின் கண்ணாடியை லென்ஸுக்கு முன்னால் பிடித்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஓரம் மங்கலாக இருக்கும், ஆனால் வித்தை விளங்கிவிடும்.

நான் வாங்கியது +1, +2, +4, +10 என நான்கு கண்ணாடிகள் கொண்ட தொகுப்பு. லென்ஸின் முன்புறத் திருகுமரையில் பூட்டுவது. வாங்கும்போது லென்ஸின் முகப்பில் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட குறியோடு இருக்கும் எண்ணைப் பார்க்கவேண்டும், 52, 58 என்று. அதே எண்ணில் கண்ணாடி வாங்காவிட்டால் பூட்டாது. என் ஆசையில் நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டி +17 ஆக்கினேன். நடுவில் மட்டும் ஏதோ தெரிந்தது. சுற்றிலும் ஊதாவும் பச்சையுமாக ஓரங்கட்டி, கிணற்றுக்குள் இருந்து பார்ப்பது போல. ஒற்றைக் கண்ணாடி எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிக்காது, அதனால் வரும் குறை. இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த, இந்தக் குறையைத் திருத்திய வகைகளும் உண்டு. கனொன் 500டி என்ற பெயரில் வருவது +2, ரெய்னொக்ஸ் டிசிஆர்-250 என்பது +8. அவை நல்லவை, ஆனால் விலையும் அதற்கேற்ப.

மலிவுத் தொகுப்பே கையில் இருந்தால் +4 ஐ மட்டும் பூட்டி, துவாரத்தை எஃப் 8 அல்லது எஃப் 11 இற்குச் சுருக்குங்கள். பாதிக் குறை மறைந்துவிடும். இரண்டைச் சேர்க்கத்தான் வேண்டும் என்றால் பவர் கூடியது லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். என் 50 மில்லிமீற்றரில் +4 பூட்டியபோது அந்த முகம் 500 பிக்சலுக்குச் சற்றுக் கூடுதலாக வந்தது. கண் எது, புருவம் எது என்று தெரிந்தது.

அதைவிட நல்லது நீட்டிப்புக் குழாய். இதில் கண்ணாடியே கிடையாது. கமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் பூட்டும் வெறும் குழாய், லென்ஸைச் சென்சரில் இருந்து தள்ளி வைக்கிறது. லென்ஸ் தள்ளிப் போகப் போக, கிட்ட இருப்பது குவியும். கணக்கு எளிது: குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் பிரித்தால், கூடும் உருப்பெருக்கம் வரும். 31 மில்லிமீற்றர் குழாயை 50 ஆல் பிரித்தால் 0.62. என் லென்ஸ் தனியாகத் தருவது 0.15. கூட்டினால் 0.77. ஏழு மில்லிமீற்றர் முகம் சென்சரில் ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் விழுகிறது, ஏறக்குறைய ஆயிரம் பிக்சல். கண்ணாடி இல்லாததால் நிறமும் சிதறாது. வெளிச்சம்தான் குறையும், கூடுதல் நேரம் திறந்து வைக்கவேண்டும். அசையாத படத்துக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை.

குழாயில் இரண்டு வகை. மின்தொடர்பு உள்ளது கொஞ்சம் விலை. தொடர்பு இல்லாத ஆக மலிவானதை வாங்கினால் கனொன் போன்ற கமராக்களில் துவாரத்தை மாற்றவே முடியாது, முழுதாகத் திறந்தபடி நிற்கும். நான் முதலில் அதைத்தான் வாங்கி ஏமாந்தேன். துவாரத்தைக் கையால் திருகும் வளையம் உள்ள பழைய ஃபிலிம் காலத்து லென்ஸ் இருந்தால் மலிவுக் குழாயே போதும்.

லென்ஸைத் தலைகீழாகப் பூட்டும் வளையமும் உண்டு. விலை எல்லாவற்றிலும் குறைவு. ஆனால் லென்ஸின் பின்பக்கம் வெளியே தெரியும், தூசும் விரலும் படும். டச்சுபே கடற்கரையில் மணலையும் சிப்பியையும் இப்படி எடுத்துப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. படம் பிரதி எடுக்க நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

கைத்தொலைபேசி மட்டும் உள்ளவர்களுக்குக் கவ்வி போலப் பொருத்தும் சின்ன மக்ரோ லென்ஸ் இருக்கிறது. போன் தனியாகப் பத்து சென்ரிமீற்றர் வரை கிட்டப் போகுமென்றால் அது +10 இற்குச் சமம். அதன்மேல் இன்னொரு +10 பூட்டினால் +20, தூரம் ஐந்து சென்ரிமீற்றர். பெட்டியில் 10 மடங்கு, 15 மடங்கு என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். இன்னொன்று, அவ்வளவு கிட்டப் போனால் போனின் நிழலே படத்தில் விழும். அடையாள அட்டைப் படம் போன்றவற்றுக்கு நடுப்பகுதியை மட்டும் நம்பி எடுக்கலாம். பழுதடைந்த டிவிடி பெட்டிக்குள் இருக்கும் பொட்டளவு லென்ஸைக் கழற்றி ஒட்டியும் பார்த்தேன். விளையாட்டுக்குச் சரி.

கருவியை விட முக்கியம் வைக்கும் விதம். கமராவும் படமும் ஒன்றுக்கொன்று நேராக, சரிவில்லாமல் இருக்கவேண்டும். இவ்வளவு கிட்டத்தில் ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்தாலும் மறுபக்க முகம் மங்கிவிடும். இதற்கு ஒரு பழைய உபாயம்: படத்தின்மேல் ஒரு சிறிய முகம்பார்க்கும் கண்ணாடியைத் தட்டையாக வையுங்கள். கமராவுக்குள்ளால் பார்த்தால் லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் தெரியவேண்டும். தெரிந்தால் நேராக இருக்கிறது. பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு, இரண்டு செக்கன் டைமரில் எடுக்கலாம். விரல் பட்ட அதிர்வு அடங்க அந்த இரண்டு செக்கன் போதும்.

வெளிச்சம் இரண்டு பக்கமும் இருந்து, 45 பாகைச் சரிவில் வரட்டும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். மேற்பரப்பில் துணி போலப் பொரிப் பொரியாக உள்ள பழைய படங்கள் ஒரு பக்க வெளிச்சத்தில் உப்புத் தூவியது போல மின்னும், இரு பக்க வெளிச்சத்தில் அது அடங்கும். குழுப் படம் இருந்த சட்டத்தில் இன்னொரு சிக்கல். ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. உரித்தால் முகமும் சேர்ந்து உரியும். அப்படி ஒட்டிய எதையும் பிரிக்காமல் கண்ணாடிக்கு மேலாகவே எடுங்கள். ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டி, கமராவுக்கும் படத்துக்கும் நடுவில் பிடித்தால் கண்ணாடியில் உங்கள் சேட்டும் கூரையும் பிரதிபலிக்காது.

நெகட்டிவ் மட்டும் மிஞ்சியவர்களும் இருக்கிறார்கள். போன் திரையை முழு வெள்ளையாக்கி, அதற்கு மேலே இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உயரத்தில் நெகட்டிவைப் பிடித்து இதே குழாயால் எடுக்கலாம். திரையோடு ஒட்டி வைத்தால் திரையின் புள்ளிகளும் படத்தில் வந்துவிடும்.

கிட்டப் போவதைப் பற்றி எழுதும்போது இந்த நகரத்தில் ஒருவரின் பெயரை விட்டுவிட்டு எழுத முடியாது. 2006 ஜனவரி 2 ஆம் திகதி, காந்தி சிலையடிக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்துத்தான் இறந்தார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. 'சுடர் ஒளி' பத்திரிகையின் திருகோணமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறையில் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. கைக்குண்டுக் கதை அத்தோடு நிற்கவில்லை. அதே மாதம் 24 ஆம் திகதி காலை, வேலைக்குப் போகும் வழியில், ஆளுநர் செயலகத்துக்கு அருகே அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட 13 விசேட அதிரடிப்படையினரும் 2019 ஜூலையில் சாட்சியம் போதாதென்று விடுவிக்கப்பட்டார்கள். அவரிடம் விசேட லென்ஸ் ஏதும் இருந்ததா என்பது இங்கே முக்கியமல்ல. காயம் காயமாகத் தெரியும் தூரத்துக்குப் போய் எடுத்தார்.

அதனால்தான், ஆவணமாக எடுக்கும்போது சில பழக்கங்கள் வேண்டும். படத்தின் ஓரத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்து ஒரு பிரதி, அது இல்லாமல் ஒரு பிரதி. பின்பக்கத்தையும் எடுங்கள். சம்பூர் அம்மாவின் சின்னப் படத்தின் பின்னால் ஸ்டூடியோ முத்திரையும், பேனையால் எழுதி மங்கிய ஒரு திகதியும் இருந்தன. அவரே அதைக் கவனித்திருக்கவில்லை. கமராவில் இருந்து வந்த கோப்பை வெட்டாமல், வெளிச்சம் கூட்டாமல் அப்படியே ஒரு பிரதி வைத்துவிட்டு, திருத்தங்களை இன்னொரு பிரதியில் செய்யுங்கள். காணாமல்போனோர் அலுவலகமோ சட்டத்தரணியோ யார் கேட்டாலும் மூலப்படத்தைக் கைவிட வேண்டாம்.

இப்போது போன் செயலிகள் மங்கிய முகத்தை ஒரு நொடியில் பளிச்சென்று ஆக்கித் தருகின்றன. நான் போவதற்கு முன்பே வெளிநாட்டில் இருக்கும் மருமகன் ஒருவர் அந்த முகத்தை அப்படிச் செய்து அனுப்பியிருந்தார். தோல் வழுவழுப்பாக, கண்கள் ஒளியோடு, பல்வரிசை சீராக இருந்தது. அம்மா அதைக் காட்டிச் சொன்னார்: "வடிவாத்தான் கிடக்கு. ஆனா இது என்ர பிள்ளை இல்லைத் தம்பி." அந்தச் செயலி 200 பிக்சலில் இல்லாததை எங்கிருந்தோ பார்த்த ஆயிரம் முகங்களில் இருந்து நிரப்புகிறது. வீட்டில் மாட்டி வைக்க யாராவது விரும்பினால் அது அவர்கள் விருப்பம். சாட்சியமாகக் கொடுக்கும் படத்துக்கு, 2017 இல் இருந்து வீதியில் இருக்கும் தாய்மார் நெஞ்சோடு பிடிக்கும் படத்துக்கு அது ஆபத்து என்பது என் அபிப்பிராயம்.

கிட்டப் போவதற்கும் எல்லை உண்டு. அச்சில் இல்லாத விபரத்தை எந்தக் குழாயும் தராது. இன்னும் நெருங்கினால் முகத்துக்குப் பதில் பருக்கன் பருக்கனாகப் படத்தின் மணிகள்தான் பெரிதாகும். பத்திரிகையில் வந்த படம் என்றால் மைப்புள்ளிகள். குழாயோடு இரண்டாம் முறை சம்பூருக்குப் போனபோது எனக்குக் கிடைத்த ஆயிரம் பிக்சலிலும் பாதிக்கு மேல் அந்த மணிகள்தான். ஆனாலும் உதடு ஒரு பக்கம் கோணிய அந்தச் சிரிப்பு அவனுடையதாகவே இருந்தது.

அஞ்சலட்டை அளவில் அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா வாசிப்புக் கண்ணாடியைப் போட்டு, வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். பிறகு விரல் கீழே இறங்கி, மகனின் தோளில் பின்னால் இருந்து யாரோ போட்டிருந்த கையில் நின்றது. சின்னப் படத்தில் அது சட்டையின் மடிப்புப் போலத்தான் இருந்தது.

"இது ஆற்ற கை?" என்று கேட்டார்.

பின்வரிசைப் பையனின் முகத்தையும் எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார். மூதூருக்கு மறுபடி போகவேண்டும். அது ஆறு மில்லிமீற்றர்.