குழந்தை உறங்கும் நேரமும் பணி நேரமே: அமெரிக்க வீடுகளில் மணி ஊதியத்தை வரையறுத்தல்

அமெரிக்கக் குடும்பங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நானி, பேபிசிட்டர் ஆகியோரின் ஊதியம் பெரும்பாலும் அக்கம்பக்கத்து நிலவரத்தைக் கேட்டறிந்து, பேசி முடிக்கப்படுகிறது. மணிக்கு எத்தனை டாலர் என்பதற்கு நடக்கும் பேரத்தில், எவையெல்லாம் பணி நேரம் என்ற கேள்வி எழுவது அரிது. அதைத் தீர்க்காமல் நியாயமான கூலியை நிர்ணயிக்க முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1938இல் இயற்றப்பட்ட நியாயத் தொழில் தரங்கள் சட்டத்தின் வரம்புக்குள் வீட்டுப் பணியாளர் வரவில்லை. கறுப்பினப் பெண்கள் பெருமளவில் பிழைப்புக்கு நம்பியிருந்த தொழில் அது. 1974ஆம் ஆண்டுத் திருத்தம் வீட்டுப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதிய உரிமையை அளித்தது. ஆனால் எப்போதாவது குழந்தை பார்த்துக்கொள்பவரை விலக்கியது. ஆகவே சனிக்கிழமை மாலை வந்துபோகும் பக்கத்து வீட்டு மாணவியும், அதையே தொழிலாகக் கொண்ட நானியும் சட்டத்தின் பார்வையில் வேறுவேறானவர்கள். அந்த மாணவியேகூடத் தம் பணி நேரத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் பொதுவான வீட்டு வேலை செய்தால் விலக்கு செல்லாது. கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. பல மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாக நிர்ணயித்துள்ளன.

இனி நேரக் கணக்குக்கு வருவோம். மாலை 6 மணிக்கு வெளியே செல்லும் பெற்றோர் இரவு 11 மணிக்குத் திரும்புகின்றனர். குழந்தை எட்டரைக்கே உறங்கிவிடுகிறது. பிந்திய இரண்டரை மணி நேரத்துக்குப் பாதிக் கூலி போதும் என்பது வழக்கமான வாதம். ஆனால் 24 மணி நேரத்துக்குக் குறைந்த பணிமுறையில், வேலை இல்லாத பொழுதில் பணியாளரே உறங்க அனுமதிக்கப்பட்டாலும் அது பணி நேரம்தான் என்கின்றன அமெரிக்கத் தொழிலாளர் துறை விதிகள். பணியாளரின் உறக்கத்துக்கே கழிவில்லாதபோது, குழந்தையின் உறக்கத்தைக் காட்டிக் கூலியைக் குறைப்பது எப்படிப் பொருந்தும்? காய்ச்சலில் குழந்தை விழித்தாலும், வீட்டில் புகை சூழ்ந்தாலும் பொறுப்பேற்க வேண்டியவர் அவர். கூலி அந்தப் பொறுப்புக்கு உரியது.

வாரச் சம்பள ஏற்பாட்டில் இழப்பு எளிதில் கண்ணில் படாது. 50 மணி நேரத்துக்கு 1,000 டாலர் என்றால் மணிக்கு 20 டாலர் எனத் தோன்றும். வேலை செய்யும் வீட்டில் தங்காத நானிக்கு 40 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு தர வேண்டும். மணிக்கு 20 டாலர் என்று பேசியிருந்தால் முதல் 40 மணிக்கு 800, எஞ்சிய 10 மணிக்கு 300. ஆக 1,100 டாலர். வாரந்தோறும் 100 டாலர் குறைகிறது. வீட்டிலேயே தங்குவோருக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் இந்த மிகைநேர உரிமை இல்லை. 2010இல் நியூயார்க் மாநிலம் இயற்றிய வீட்டுப் பணியாளர் உரிமைச் சட்டம் அவர்களுக்கும் 44 மணி நேரத்துக்கு மேல் அதை வழங்கியது.

இவ்வளவு கொடுக்கப் பெற்றோருக்குக் கட்டுப்படியாகாது என்ற மறுப்பில் உண்மை உண்டு. ஆலையில் இயந்திரம் உற்பத்தியைப் பெருக்கும்; ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூடிய கைக்குழந்தைகளின் எண்ணிக்கையை எந்த இயந்திரமும் பெருக்காது. பிற துறைகளில் ஊதியம் உயர உயர, இத்தகைய சேவையின் விலையும் ஏறும் என்பதைப் பொருளியலறிஞர் வில்லியம் பாமோல் 1960களிலேயே விளக்கினார். இச்சுமையை அரசின் மானியமும் வரிச் சலுகையும் பகிர வேண்டும். பணியாளரின் கூலியைக் குறைத்து ஈடுகட்டுவது தீர்வாகாது.

எனவே மணிக் கூலியைப் பேசும் முன் பணி நேரம், குழந்தைகளின் எண்ணிக்கையும் வயதும், கூடுதல் வீட்டு வேலை, மிகைநேரம், கடைசி நேர ரத்துக்கான ஈடு ஆகியவற்றை எழுத்தில் வரையறுப்பது வேலையளிப்பவரின் கடமை. இவை இல்லாமல் சொல்லப்படும் எந்தத் தொகையையும் நியாயமான கூலி என ஏற்க முடியாது.