ரெட் நோய்க்குறி

மூளை வளர்ச்சியில் ஒரே ஒரு மரபணுவுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதைக் காட்டும் நரம்பு வளர்ச்சிக் கோளாறு. ஏறத்தாழ 10,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. ஆண் குழந்தைகளுக்கு மிக அரிது. முதல் 6 மாதமேனும் இயல்பாக வளர்ந்ததாகத் தோன்றிய குழந்தை, பிறகு கற்ற சொற்களை இழக்கிறது. பொம்மையைப் பற்றிய கைகள் பிடிமானம் இழந்து, கழுவுவதுபோல் ஓயாமல் ஒன்றையொன்று பிசைகின்றன. வலிப்பும் மூச்சுச் சீர்கேடும் சேரலாம்.

வியன்னா மருத்துவர் ஆந்திரேயாஸ் ரெட் 1966இல் இதை விவரித்தார். எக்ஸ் குரோமோசோமிலுள்ள எம்.இ.சி.பி.2 மரபணுவின் பிறழ்வே காரணம் என்று 1999இல் ஹுதா சோக்பியின் குழு கண்டறிந்தது. இம்மரபணு உருவாக்கும் புரதம், டி.என்.ஏ.வில் மெத்தில் குறியுள்ள இடங்களில் ஒட்டிக்கொண்டு பிற மரபணுக்களின் செயல்பாட்டை ஒழுங்குபடுத்துகிறது. புரதம் பழுதானால் ரெட். அளவுக்கு மிஞ்சினால் வேறொரு கடும் கோளாறு. மரபணு மருத்துவம் கடினமாவது இதனால்தான்.

பிறழ்வு பெரும்பாலும் வழிவழியாக வருவதன்று, புதிதாகத் தோன்றுவது. பெற்றோர் தம்மை நொந்துகொள்ளக் காரணமே இல்லை.

எலிகளில் இம்மரபணுவை மீண்டும் இயக்கியபோது நோய்க்குறிகள் பெருமளவு மறைந்ததை 2007இல் ஏட்ரியன் பேர்டின் குழு காட்டியது. இந்நோய்க்கென முதல் மருந்தான டிரோஃபினடைடுக்கு 2023இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அது அறிகுறிகளைத் தணிக்குமே தவிர நோயைக் குணப்படுத்தாது.